எண்பதாவது நிமிஷத்தில் எழுந்து போகிறவர்

மனித குலத்தில் முன்கிளம்பி என்று ஓர் இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் தேடிச் சிரமப்பட வேண்டாம். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டுங்கள். எல்லாரும் சேர்ந்து நிற்கிற குரூப் போட்டோவில் யார் இல்லையோ, அவர்தான். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு, அவர் வீடு போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஓர் இடத்துக்குள் நுழைந்ததும் நாமெல்லாம் எங்கே உட்காரலாம் என்று பார்ப்போம். இவர் எப்படி வெளியே போகலாம் என்று பார்ப்பார். செருப்பைக் குவியலில் விடமாட்டார். தள்ளி, தனியாக, முனை தெருவைப் பார்த்தபடி விடுவார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பையிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். சினிமாவில் கொலையைப் பார்த்திருப்பார், கொலைகாரனைப் பார்த்திருக்க மாட்டார். சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு ரயிலில் வந்தால், முக்கால் மணி முன்னால் வருகிற வர்க்கலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகில் போய் நின்று, கழிவறைக்குப் போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் இடிபட்டுக்கொண்டே மிச்சப் பயணம் செய்வார். எதற்கு? முதலில் இறங்க. இறங்கி? முதல் ஆட்டோவைப் பிடிக்க. பிடித்து வீட்டுக்குப் போய்? சோபாவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்க.

அதுதான் இந்த இனத்தின் பரம ரகசியம். இப்படி அடித்துப் பிடித்து மிச்சம் பிடித்த நேரத்தில் இவர் என்ன செய்கிறார் என்று இதுவரை யாரும் கண்டதில்லை.

எங்கள் தெருவில், ஸ்ரீவராகம் கோயில் குளத்துக்கு அடுத்த வரிசையில், இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒருவர் வசிக்கிறார். பெயர் நீலகண்டன். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று நடந்த பாராட்டுக் கூட்டத்தில், 'நீலகண்டன் அவர்களின் பிரிவு நமக்கு' என்று தலைவர் தொடங்கும்போதே நீலகண்டன் அவர்கள் மாலையும் கழுத்துமாக லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார். ஐந்து மணி ஆனால் லிஃப்டில் கூட்டம் சேர்ந்துவிடுமாம். அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மன்னியிடம் கேட்டால் இன்னும் பழைய சாட்சியமெல்லாம் கிடைக்கும்.

"எங்க கல்யாணத்துல நலங்கு நடந்துண்டிருக்கு. மாப்பிள்ளையைக் காணும். எங்கேன்னு பார்த்தா, மண்டபத்து வாசல்ல நின்னுண்டு டிரைவர்கிட்ட, காரை இப்பவே திருப்பி நிறுத்து, அப்புறம் ப்ளாக் ஆயிடும்னு சொல்லிண்டிருக்கார்."

ப்ளாக். எங்கள் ஊரில் போக்குவரத்து நெரிசலுக்கு அதுதான் பெயர். நீலகண்டன் அகராதியில் கடவுளுக்கு அடுத்த சக்தியும் அதுதான். ஓவர்பிரிட்ஜ் ப்ளாக், கிழக்கேகோட்டை ப்ளாக், அட்டக்குளங்கரை ப்ளாக் என்று மூன்று ப்ளாக்குகளையும் அவர் தினமும் மனசால் வலம் வந்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே பெண், ஜானவி. இருபது வயது, பி.காம். படிக்கிறாள், கால்பந்தில் கோல்கீப்பர். பள்ளிக்கூடத்தில் ஆளில்லாமல் ஒரு நாள் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்களாம், நின்றவள் நின்றவள்தான். இந்த வருஷம் தேசிய மகளிர் லீகில் ஆடுகிற எங்கள் ஊர் அணியில் அவளைச் சேர்த்துக்கொண்டதும் தெருவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. பெருமையில் ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் இருந்தது. அவள் இரண்டாவது கோல்கீப்பர்.

இரண்டாவது கோல்கீப்பர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் ஓடி ஆடுகிறவர்கள் களைத்துப் போனால் மாற்றுவார்கள். முதல் கோல்கீப்பர் களைப்பதே இல்லை; மாற்றவும் மாட்டார்கள். அவளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆனால்தான் உண்டு. எங்கள் முதல் கோல்கீப்பர் ராகேல், பொழியூர்க் கடற்கரை மணலில் விழுந்து புரண்டு வளர்ந்தவள், ஜலதோஷம்கூடப் பக்கத்தில் வர யோசிக்கும். ஆகவே ஜானவி முப்பத்தொன்றாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு, கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அடி வாங்கட்டும் என்று ராகேலை நினைக்கவும் முடியாது, அவள்தான் இவளுக்கு உயிர்த்தோழி. என்ன வேலை பாருங்கள்!

லீகில் எட்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் சொந்த ஊரில் ஒரு தடவை, அவர்கள் ஊரில் ஒரு தடவை ஆட வேண்டும். கடைசி இடத்தில் வருகிற அணி அடுத்த வருஷம் லீகிலிருந்து வெளியே. எங்கள் ஊரில் நடந்த ஏழு மேட்ச்சுக்கும் நான் நீலகண்டனோடு போனேன். காரணம், கால்பந்து ஆசையும் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டும். வைத்திருந்த வண்டியை மூட்டுவலி வந்ததும் விற்றுவிட்டேன். பஸ்ஸுக்கு நிற்கவும் சோம்பல்.

பாளையத்துப் பக்கம் மைதானம். மாலை மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கும். மகளிர் லீக் என்பதால் டிக்கெட் கிடையாது. கூட்டமும் கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் உட்காரக்கூடிய படிக்கட்டில் நான் எண்ணிப் பார்த்த அன்று இருநூற்றுப் பதினொரு பேர் இருந்தார்கள்; அதில் பாதி, ஆடுகிற பெண்களின் அப்பா அம்மாக்கள். வெளியே நாற்பது ஸ்கூட்டர், ஐந்து கார். நாலாபுறமும் காலியாகக் கிடக்கிற அந்த மைதானத்தில், படிக்கட்டின் ஓரத்து இடமாகத் தேடிப் பிடித்து உட்காருவார் நீலகண்டன். எண்பதாவது நிமிஷம் வந்ததும் எழுந்து வேட்டியைத் தட்டுவார்.

"வா, ஸ்ரீநிவாஸ். கூட்டம் கிளம்பறதுக்குள்ள கிளம்பிடலாம்."

"அண்ணா, எந்தக் கூட்டம்?"

"இப்பத் தெரியாது. வெளியில வந்தாத் தெரியும்."

அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒரு தடவையாவது இருந்திருக்க வேண்டாமா? இருந்ததில்லை. வாசலில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற பால்பாண்டி, வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், எங்களைக் கண்டதும் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுத்துக் கொடுப்பார். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் கெளம்பிட்டியளோ? உள்ள ஏதும் தீப்பிடிச்சிருச்சோ?" என்று விசாரிப்பார். நீலகண்டன் சாவியைத் திருகுவார். முன்கிளம்பிகளுக்குக் கேலி உறைக்காது. கேலி முடிவதற்குள் அவர்கள் போயிருப்பார்கள்.

இதனால் விளைந்த வேடிக்கையைக் கேளுங்கள். கால்பந்தில் கோல்கள் பெரும்பாலும் எல்லாரும் சோர்ந்துபோன கடைசி நிமிஷங்களில்தான் விழும் போலிருக்கிறது. எங்கள் அணியைப் பொறுத்தவரை அது சட்டம். முதல் மேட்ச்சில் எண்பது நிமிஷம் வரை கோலே இல்லை. எண்பத்தெட்டில் எதிரணி ஒன்று போட்டுவிட்டது. நீலகண்டன் கணக்கில் அது டிரா. மூன்றாவது மேட்ச்சில் நாங்கள் எழுந்தபோது ஒன்றுக்குப் பூஜ்யம் பின்தங்கியிருந்தோம். நீலகண்டன் துக்கத்தோடு வீட்டுக்குப் போய், தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தோல்விச் செய்தியை அறிவித்து, மோர் சாதம் மட்டும் போதும் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். ஜானவி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, இரண்டுக்கு ஒன்று ஜெயித்துவிட்டோம் என்று கத்திக்கொண்டே உள்ளே வருகிறாள். மனிதர் முகத்தில் சந்தோஷத்தோடு ஒரு சந்தேகமும் இருந்ததாக மன்னி சொன்னார்.

"நான் பார்த்த வரைக்கும் நாம தோத்துண்டுதானே இருந்தோம்?"

இப்படி லீகில் இரண்டு பட்டியல்கள் உருவாகிவிட்டன. பேப்பரில் வருவது ஒன்று, நீலகண்டனுடையது ஒன்று. பேப்பர்படி நாங்கள் ஏழாவது இடம். நீலகண்டன்படி மூன்றாவது. பால் பூத்தில் காலை ஆறு மணிக்கு அவர் தன் பட்டியலுக்காக வாதாடுவதைக் கேட்க வேண்டுமே! மைதானத்துப் பக்கமே போகாதவன் எழுதுகிறான், நேரில் போய்ப் பார்த்தவன் நான் சொல்கிறேன் என்பார். நேரில் போனவர் என்பதை யார் மறுக்க முடியும்?

நான்காவது மேட்ச் முடிந்த மறுநாள், நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஜானவி புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினாள். கிளம்பினவள் வாசலில் நின்று திரும்பினாள். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் குரலே கிடையாது. ரசம் போதுமா வேணுமா என்று கேட்டால் வருகிற பதிலைக் கேட்க மன்னி அடுப்பை அணைக்க வேண்டும்.

"அப்பா, ஒரே ஒரு மேட்ச் முழுசா இருந்து பாருங்கோளேன்."

"எதுக்கு? நீதான் ஆடலையே!"

"ஆனாலும்…"

"நீ பெஞ்சுல உட்கார்ந்திருக்கறதை எண்பது நிமிஷம் பார்த்தாச்சு. மிச்சம் பத்து நிமிஷம் வேற மாதிரியா உட்காரப் போறே?"

நான் சிரித்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன், சிரித்தேன். ஜானவியும் லேசாகச் சிரித்தாள், "நான் இறங்கற அன்னிக்கு?" என்று கேட்டாள். "அன்னிக்குப் பின்னே இருக்க மாட்டேனா? முதல் நாளே போய் உட்கார்ந்துடுவேன், கேட்டியா!" என்றார் நீலகண்டன். மாற்று ஆள் இறங்குவதை முதல் நாளே யாரும் தபாலில் தெரிவிப்பதில்லை என்று அவருக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

சீசனின் கடைசி மேட்ச் ஏப்ரலில், எங்கள் ஊரிலேயே. எங்கள் அணி ஏழாவது, எதிரணி எட்டாவது. டிரா செய்தாலே போதும், அடுத்த வருஷமும் லீகில் இருப்போம். தோற்றால் அவர்கள் இருப்பார்கள், நாங்கள் போவோம். லீகில் அணி இல்லாவிட்டால் இரண்டாவது கோல்கீப்பரை யார் வைத்துக்கொள்வார்கள்? ராகேலை வேறு ஊர் அணி கொத்திக்கொண்டு போகும். ஒரு நிமிஷம்கூட ஆடாதவளை எதைப் பார்த்துக் கூப்பிடுவார்கள்? ஜானவிக்கு இது தெரியும். அன்று காலையில் அவள் இட்லியை விண்டு விண்டு தட்டில் வைத்துக்கொண்டு, வாயில் வைக்காமல், "இன்னிக்குக் கடைசி மேட்ச்ப்பா. கடைசி வரைக்கும் இருப்பேளா?" என்று கேட்டதாக மன்னி சொன்னார். "பார்க்கலாம்" என்றாராம் இவர். பார்க்கலாம் என்பது முன்கிளம்பிகளின் பிரதிக்ஞை. அதற்கு அர்த்தம், பார்க்கப் போவதில்லை.

ஆட்டம் தொடங்கியது. அன்று கூட்டம் ஜாஸ்தி, முந்நூறு பேர் இருக்கலாம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் பெண்கள் இரண்டு கோல் போட்டார்கள், ஒன்று வாங்கினார்கள். எண்பதாவது நிமிஷம். பக்கத்தில் வேட்டி தட்டுகிற சத்தம்.

"அண்ணா! இன்னிக்குமா?"

"ரெண்டு, ஒண்ணு. டிரா போதும்னு இருக்கறச்சே நாம லீடிங். இனிமே என்ன ஆகப் போறது? இன்னிக்குப் பாரு, ஜெயிச்ச குஷியில எல்லாரும் நடுரோட்டுல ஆடுவா. ஓவர்பிரிட்ஜ் வரைக்கும் ப்ளாக்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. 'நீங்கள் போங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வந்தபோது கால் ஏற்கெனவே படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

வாசலைத் தாண்டி வந்தோம். பால்பாண்டி ஸ்டாண்டை எடுத்தார். நீலகண்டன் ஹெல்மெட்டை மாட்டி, வார் போட்டு, சாவியைத் திருகப் போனார். உள்ளே "ஐயோ" என்று ஒரு சத்தம். பிறகு ஒரே அமைதி. என்ன ஆயிற்று என்று மூவரும் காதைக் கொடுத்து நின்றோம். இரண்டு நிமிஷம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது. அடிபட்ட ராகேல் வெளியே போவதாகவும் மாற்று ஆட்டக்காரர் வருவதாகவும் மலையாளத்தில் சொல்லிவிட்டு, நிறுத்தி, காகிதத்தைப் பார்த்துப் படித்தது: "நம்பர் முப்பத்தொன்னு. ஜானவி நீலகண்டன்."

"அண்ணாச்சி, மைக்குல ஒங்க பேரைல்லா சொல்லுதாவ!" என்றார் பால்பாண்டி.

நீலகண்டன் வண்டியை அப்படியே விட்டார். பால்பாண்டி பிடிக்காவிட்டால் ஸ்கூட்டர் என் கால்மேல் விழுந்திருக்கும். அறுபத்திரண்டு வயது மனிதர், தலையில் ஹெல்மெட்டோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாழ்நாளில் எந்த இடத்திலிருந்தும் வெளியே வருவதற்கு வழி கேட்டவர், முதன்முதலாக உள்ளே போக வழி கேட்டார். காவலுக்கு நின்றவர் கையை நீட்டி மறித்தார். வெளியே போனவர்களைத் திரும்ப உள்ளே விடுவதில்லை. கடைசி மேட்ச் என்று அன்றைக்குக் கண்டிப்பான உத்தரவாம்.

"என் பொண்ணு கோல்கீப்பர்! இப்பத்தான் இறங்கியிருக்கா!"

காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மோள் களிக்கும்போள் சேட்டன் எந்தினா இறங்கிப் போயது?" என்றார். மகள் ஆடும்போது நீங்கள் எதற்கு வெளியே போனீர்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு போனை எடுத்தேன். மேட்ச்சை நேரலையில் காட்டுகிறார்கள். நேரலை என்று பெயர்தான். அன்று அது மூன்று நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இன்னும் எண்பதாவது நிமிஷம். பந்து வெளியே போயிருக்கிறது, காமிரா சாவகாசமாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்புகிறது, அங்கே ஒரு ஆள் எழுந்து வேட்டியைத் தட்டுகிறார், பின்னாலேயே இன்னொரு அசடு எழுந்திருக்கிறது. அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நீலகண்டனின் முதுகு அசையவே இல்லை. அவர் அதைப் பார்த்தார். நான் போனை அணைத்தேன்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க," என்று பால்பாண்டி அவர் கையைப் பிடித்து இழுத்தார். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி மைதானத்தின் சுவர். இரண்டு ஆள் உயரம். அந்தச் சுவருக்கு நேர் பின்னால்தான் இரண்டாவது பாதியில் எங்கள் கோல் கம்பம். பால்பாண்டி தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நீலகண்டன் ஏறினார். ஏறியும் சுவர்தான் தெரிந்தது. சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"புறகில் ஆளுண்டு! புறகில்! அனு, கேறி வா!"

பின்னால் ஆள் இருக்கிறது, முன்னேறி வா என்று யாரோ யாரையோ அதட்டுகிறார்கள். கணீரென்ற குரல். சுவர் அதிர்கிற மாதிரி. நீலகண்டன் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"யாரு அது?" என்றார்.

"யாரா? ஒங்க மவ, அண்ணாச்சி!"

நம்பவில்லை அவர். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ரசத்துக்குப் பதில் சொல்லத் தெரியாத பெண், பத்துப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இடது வலது என்று நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். பந்து தனக்குத்தான், யாரும் குறுக்கே வராதே என்று அவள் "கீப்பர்!" என ஒரு கத்து. தடால் என்று விழுகிற சத்தம், மைதானம் முழுக்கக் கைதட்டல். பிடித்துவிட்டாள் என்று பால்பாண்டி சுவரில் குத்தினார். மறுபடி ஒரு கார்னர். மறுபடி அவள் குரல். பிறகு, திடீரென்று, ஒன்றுமில்லை. முந்நூறு பேரும் மூச்சை நிறுத்தின மாதிரி. சொந்த ஊர் மைதானத்தில் அந்த அமைதிக்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். நீலகண்டனுக்கும் தெரிந்தது. கோல் விழுந்துவிட்டது. இரண்டுக்கு இரண்டு.

ஸ்டூலின் மேல் நின்ற மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். "என் பொண்ணு, என் பொண்ணு" என்று முனகினார். இன்னும் ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள், முன்னைவிடப் பெரிய சத்தமாக: "சாரமில்ல! சாரமில்ல! எல்லாரும் என்னெ நோக்கு!" பரவாயில்லை, எல்லாரும் என்னைப் பாருங்கள் என்கிறாள். இருபது வயதுப் பெண்!

ராகேலைத் தூக்கிப் போக ஆன நேரம், மற்றத் தாமதம் எல்லாம் சேர்த்து ஏழு நிமிஷம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆக மொத்தம் பதினான்கு நிமிஷம் நீலகண்டன் அந்த ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு தடவை அவள் "கீப்பர்!" என்று கத்தும்போதும் இவர் இரண்டு கையையும் சுவரில் பரப்பி, தானே பாய்ந்து பிடிப்பதுபோல ஒட்டிக்கொண்டார். கடைசி விசில் ஊதியது. படிக்கட்டிலிருந்து எழுந்த சத்தத்தில் ஜெயித்தோமா தோற்றோமா என்று சந்தேகமே வரவில்லை. டிராதான், ஆனால் அடுத்த வருஷமும் லீகில் இருக்கிறோம். நீலகண்டன் இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதார். வெட்கப்படாமல், தோள் துண்டால் முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதார். வாழ்க்கையில் அவர் கடைசி வரைக்கும் இருந்த முதல் நிகழ்ச்சி, அதையும் வெளியில் நின்று முடித்தார்.

முந்நூறு பேரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். நாற்பது ஸ்கூட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. எவ்வளவு நேரத்தில் என்று நினைக்கிறீர்கள்? நான்கு நிமிஷம். கடைசியாக நின்றது எங்கள் வண்டி, தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியபடி.

ஜானவி முழங்கையில் சிராய்ப்போடும் முகம் முழுக்க மண்ணோடும் வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"போயிருப்பேள்னு நினைச்சேன்."

"போகலை. இங்கேதான் இருந்தேன். எல்லாம் கேட்டேன். நீ கத்தினது, பிடிச்சது, அந்தக் கோல், எல்லாம்."

"எழுந்து போனதைப் பார்த்தேனே!"

நீலகண்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெஞ்சுலேர்ந்து எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியாம இருக்கும்? எதிர்ல இருக்கறதே இருநூறு முந்நூறு பேர். ஒவ்வொரு மேட்ச்லயும் தெரியும்ப்பா. ராகேல்தான் இன்னிக்குக் கோல்ல நின்னுண்டு திரும்பி எனக்குக் கை காட்டினா. பெஞ்சுல இருக்கறவா எல்லாரும் உங்களைத்தான் பார்த்துண்டிருப்பா. 'ஜானவியோட அச்சன் எழுந்தாச்சு, இனி பத்து நிமிஷம்'னு சொல்லி ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவா. கோச்கூட வாட்ச் பார்க்கறதில்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பால்பாண்டியின் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலகண்டன் சுவரைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. முன்கிளம்பி திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஒண்ணு பண்றேன்," என்றார். "அடுத்த சீசன் பூரா நான் இந்தச் சுவர்கிட்டயே நின்னுக்கறேன். பால்பாண்டி ஸ்டூல் கொடுப்பார். கடைசி விசில் வரைக்கும் கேட்டுடலாம். வண்டியும் பக்கத்துலயே. விசில் ஊதினா உடனே கிளம்பிடலாம், எப்படி?"

அவருக்கு அதில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. மகளுக்கும் ஆயிற்று, ப்ளாக்குக்கும் ஆயிற்று. இப்படி ஒரு ஏற்பாடு இத்தனை வருஷம் தோன்றாமல் போயிற்றே என்ற ஏக்கம்கூட அந்த முகத்தில் இருந்தது.

ஜானவி கையுறையின் பட்டையை மெதுவாகப் பிரித்தாள். "ராகேலுக்குத் தோள்ல சின்னப் பிசகுதான்ப்பா. மூணு வாரத்துல சரியாயிடும். அடுத்த சீசனும் நான் பெஞ்சுலதான்." குரல் பழையபடி சின்னதாகிவிட்டது, நாங்கள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "பெஞ்சுல இருக்கறவா கத்த மாட்டா. சுவருக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் கேட்காது. பார்க்கத்தான் வேணும்."

நீலகண்டன் ஹெல்மெட்டை எடுத்து மகள் தலையில் வைத்து, வாரைத் தானே மாட்டிவிட்டார். நான் பஸ்ஸில் போனேன். ஓவர்பிரிட்ஜில் ப்ளாக் இருந்ததா என்று கேட்கிறீர்களா? ஒரு சைக்கிள்கூட இல்லை.

நீங்கள் இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 'எங்கள் மாமா ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான்' என்பீர்கள். மாமாவை விடுங்கள். இதைப் படிக்கும்போது நடுவில் ஒரு தடவை, இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தது மாமாவா? பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் குழந்தையின் நடனம் முடிந்ததும், அடுத்த குழந்தை மேடையேறிக்கொண்டிருக்கும்போதே பையைத் தோளில் மாட்டியது யார்? போனில் அம்மா 'அப்புறம்…' என்று இழுக்கும்போது, 'சரிம்மா, வெச்சுடட்டுமா' என்றது? நான் முன்கிளம்பி இல்லை, கூட வந்தவர் எழுந்தார், அதனால் எழுந்தேன் என்கிறீர்களா? ஏழு மேட்ச்சும் நான் அதையேதான் சொல்லிக்கொண்டேன். பெஞ்சிலிருந்து பார்த்தவளுக்கு எழுந்துபோனது இரண்டு பேர்தான்.

சரி, நேரமாகிறது, கிளம்புங்கள். யார் தடுத்தார்கள்? எழுந்திருப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அங்கே யாராவது உங்களைப் பார்த்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.